என்னத்துக்குப் போச்சு?

எங்கள் தெருவில் பலபேருக்கு என் மதினியின் முகத்தைவிட அவளுடைய கால்கள்தான் நன்றாகத் தெரியும். காரின் டிரைவர் பக்கக் கதவு அகலத் திறந்திருக்கும். ஸ்டியரிங்குக்குக் கீழே தலையைக் கொடுத்து மல்லாந்து கிடப்பாள். வெளியே சுடிதார் பேண்ட்டும் ரப்பர் செருப்புமாக இரண்டு கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். பால்காரரிலிருந்து சபை மூப்பர் வரைக்கும் அந்தக் கால்களிடம் நின்று, "வீட்ல ஐயா இருக்காவளா?" என்று விசாரிப்பார்கள்.

"இருக்காவ. பேப்பர் படிக்காவ. உள்ள போங்க" என்று ஸ்டியரிங்குக்கு அடியிலிருந்து பதில் வரும்.

மதினி என் அண்ணன் மனைவி. எட்டயபுரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் பிறந்தவள். பி.காம். முடித்துவிட்டு எங்கள் ஊரான கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டிக் கம்பெனி ஆபீஸில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்த கொஞ்ச காலத்திலேயே அண்ணன் மஸ்கட்டுக்கு வேலைக்குப் போய்விட்டான். அம்மா நான் பள்ளிக்கூடம் படிக்கும்போதே இறந்துவிட்டாள். ஆக, வீட்டில் அப்பா, மதினி, ஒரு தனியார் பள்ளியில் டீச்சராக இருந்த நான். அப்புறம் அண்ணன் வாங்கி நிறுத்திவிட்டுப் போன பழைய வெள்ளைக் கார்.

அந்தக் காரை அண்ணன் வாங்கியது அப்பாவுக்காக. அப்பாவுக்கு இரண்டு கிட்னியும் வேலை செய்யவில்லை. வாரத்துக்கு இரண்டு தடவை திருநெல்வேலிக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டும். போகும்போது பஸ்ஸில் போய்விடலாம். ரத்தத்தைச் சுத்தம் செய்து முடித்து வரும்போது மனிதர் பிழிந்து போட்ட துணி மாதிரி இருப்பார். அதற்காகத்தான் கார். ஓட்டுவதற்கு ஒரு ஆக்டிங் டிரைவரையும் அண்ணன் பேசி வைத்திருந்தான்.

ஒருநாள் காலையில் அந்த டிரைவர் வரவில்லை. போன் சுவிட்ச் ஆஃப். அப்பா வேட்டி சட்டை போட்டு, மடியில் பையை வைத்துக்கொண்டு, வாசலையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மதினி அடுப்பை அணைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே வந்து, ஆணியில் தொங்கிய சாவியை எடுத்தாள்.

"வாங்க மாமா, போவோம்."

அவளுக்குக் கார் ஓட்டத் தெரியும் என்று எங்களுக்கு அதுவரை தெரியாது. ஊரில் அவளுடைய அப்பா குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி ஒன்று வைத்திருந்தார். மக்காச்சோள மூட்டையும் உளுந்து மூட்டையும் ஏற்றிக்கொண்டு கரிசல் வண்டிப்பாதையில் அதை ஓட்டிப் பழகி, லைசென்ஸும் எடுத்திருந்தாள். நாங்கள் யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

அப்பா எழுந்திருக்கவில்லை. "நான் பஸ்ஸுல போயிக்கிடுதேன் தாயி" என்றார்.

"போறதுக்குப் போயிருவிய மாமா. வாரதுக்கு?"

அப்பா பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். போய்ப் பின்சீட்டில் ஏறிக்கொண்டார். முன்னால் அவள் பக்கத்தில் உட்கார மாட்டாராம். அன்றைக்கு எனக்கு லீவு என்பதால் நானும் கூடப் போனேன். கயத்தாறு தாண்டும்வரை அப்பா வாயே திறக்கவில்லை. அப்புறம் திறந்தது, "அங்கன ஸ்பீட் பிரேக்கர் இருக்கு" என்று சொல்வதற்காக.

"பாத்துட்டேன் மாமா" என்றாள் மதினி.

அதற்கப்புறம் டிரைவரை யாரும் கூப்பிடவில்லை.

ஓட்ட ஆரம்பித்த சில நாட்களிலேயே ஹாரன் நின்றுபோனது. நாலுவழிச் சாலையில் மாடும் ஆடும் குறுக்கே வருகிற ஊர் நம்முடையது. ஹாரன் இல்லாமல் போக முடியாது. தெருமுனை மெக்கானிக் ஏதோ கல்யாணத்துக்குப் போயிருந்தார். மதினி கதவைத் திறந்து, முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்த சின்ன பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி எடுத்தாள். மூடியின் உள்பக்கத்தில் எந்த ஃபியூஸ் எதற்கு என்று படம் போட்டிருந்தது. சிவப்பு, நீலம், மஞ்சள் என்று வரிசையாகச் சின்னச் சின்னப் பல் மாதிரி ஃபியூஸ்கள். பிடுங்குவதற்கு ஒன்றும் இல்லை. என் அலமாரியில் புருவம் எடுக்க வைத்திருந்த இடுக்கியை வாங்கிக்கொண்டு போய், சாவியை ஆஃப் செய்துவிட்டு, ஹாரன் ஃபியூஸைப் பிடுங்கினாள்.

அதைச் சுற்றி யாரோ செம்புக் கம்பியை இறுக்கிச் சுற்றி வைத்திருந்தார்கள். எங்களுக்கு முன்னால் கார் வைத்திருந்தவர் செய்த வேலையாக இருக்க வேண்டும். கம்பியும் தீய்ந்து, ஃபியூஸின் பிளாஸ்டிக்கும் உருகிப்போயிருந்தது.

மூடியிலேயே சொருகியிருந்த புது ஃபியூஸை மாற்றினாள். ஹாரன் அடித்தது. நான் கைதட்டினேன். மதினி சிரிக்கவில்லை. கருகின ஃபியூஸை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"சரி. இது என்னத்துக்குப் போச்சு?"

"பழசாயிருக்கும் மதினி. அதான் அடிக்கில்லா? விடுங்க."

"அதுவா ஒண்ணும் போகாது. எங்கயோ கோளாறு இருக்கப்போயிதான் இது போயிருக்கு. கம்பி சுத்துனவன் அதக் கேக்கல. நான் கேப்பேன்."

பானெட்டைத் திறந்து, ஹாரனிலிருந்து வருகிற வயரை விரலாலேயே தடவிக்கொண்டு போனாள். முன்பக்கக் கிரில்லுக்குப் பின்னால் வயர் தகரத்தில் உரசி உரசி, தோல் போய், செம்பு வெளியே தெரிந்தது. மறுநாள் எலக்ட்ரீஷியனை வரவழைத்து அந்த வயரை மாற்றியபிறகுதான் அவள் அதைப் பற்றிப் பேசுவதை நிறுத்தினாள்.

"என்னத்துக்குப் போச்சு?" என்பதுதான் மதினி. குக்கர் விசில் வராவிட்டாலும் அதே கேள்வி, செம்பருத்தி வாடினாலும் அதே கேள்வி. அவள் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பாள். அதுதான் கஷ்டம். சபையில் ஒரு அக்கா பாடகர் குழுவிலிருந்து நின்றுவிட்டபோது எல்லோரும் "உடம்புக்கு முடியல போல" என்று பேசிக்கொண்டோம். மதினி நேரே அந்த அக்கா வீட்டுக்குப் போய், "என்னக்கா, என்னத்துக்கு நின்னுட்டிய?" என்று கேட்டு உட்கார்ந்துவிட்டாள். குழுவில் யாரோ ஒருத்தர் அந்த அக்காவைக் குத்திச் சொன்ன ஒரு சொல் வெளியே வந்தது. சொன்னவர் அதன்பிறகு மதினியைக் கண்டால் எதிர்ப்பக்கம் நடப்பார். அவளோடு ஒரே வீட்டில் இருப்பது எப்போதும் சுகமாக இருந்தது என்று சொல்ல மாட்டேன்.

என் கல்யாணப் பேச்சில் அது என் மேலேயே வந்து விழுந்தது. தூத்துக்குடியிலிருந்து ஒரு சம்பந்தம். பார்த்துவிட்டுப் போய், பிடித்திருக்கிறது என்று சொல்லி, பிறகு திடீரென்று பேச்சை நிறுத்திவிட்டார்கள். "கர்த்தருக்குச் சித்தமில்ல" என்றார் அப்பா. உறவுக்காரர்கள் வேறு இடம் பார்ப்போம் என்றார்கள். எனக்கும் அதை அப்படியே மூடிவிட்டுப் போகத்தான் ஆசை. மதினி அடுத்த சனிக்கிழமை பஸ் ஏறித் தூத்துக்குடிக்குப் போய்விட்டாள்.

சாயங்காலம் திரும்பி வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் என் முன்னால் வந்து நின்றாள்.

"மாமாவுக்கு இருக்க சீக்கு பரம்பரையா வாரதுன்னு யாரோ சொல்லியிருக்காவ. நாளைக்கு உனக்கும் வரும், பிள்ளைக்கும் வரும்னு பயப்படுதாவ. அவ்ளோதான். உன் மேல குறை ஒண்ணும் இல்ல."

"இதத் தெரிஞ்சு நான் என்ன செய்ய மதினி?" என்று கத்தினேன். அழுதேன். அன்றைக்கு அவளை எனக்குப் பிடிக்கவில்லை.

அவள் நான் அழுது முடிக்கும்வரை கட்டிலில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். "தெரியாம இருந்தா அடுத்த இடத்துலயும் இதேதான் போகும். தெரிஞ்சாச்சுல்லா. இனி நாமளே முதல்ல சொல்லிருவோம்" என்றாள். அப்பாவின் டாக்டரிடம் என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். அப்பாவுக்குச் சர்க்கரையினால் வந்தது, எனக்கு இப்போது ஒன்றுமில்லை, சர்க்கரை வராமல் பார்த்துக்கொண்டால் போதும் என்று அவர் பொறுமையாக விளக்கினார். அடுத்து வந்த சம்பந்தத்தில், காபி டம்ளரைக் கீழே வைக்கும் முன்னாலேயே மதினி எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். மாப்பிள்ளை, "சொன்னதுக்கு நன்றிங்க. எங்க அம்மாவுக்கும் சர்க்கரைதான்" என்றார். அவர்தான் இன்றைக்கு என் வீட்டுக்காரர்.

மழையே சரியாகப் பெய்யாத ஊரில் வருஷா வருஷம் வைப்பர் பிளேடு மாற்றுகிறவள் என்று மதினிக்கு இன்னொரு பெயரும் உண்டு. புரட்டாசி முடியப் போகும்போது எட்டயபுரம் ரோட்டில் உள்ள பாய் கடையில் போய் நிற்பாள். கார் சாமான் விற்கும் சின்னக் கடை. பாய் அவளைத் தூரத்தில் பார்த்ததுமே மேல்தட்டுக்குக் கையை நீட்டுவார்.

"தங்கச்சி, கோவில்பட்டியில வைப்பர் கேட்டு வாரது நீங்க ஒருத்தர்தான். மத்தவங்கல்லாம் மழை பெஞ்சப்பெறகு ஓடி வருவாங்க."

"மழை சொல்லிக்கிட்டா வருது பாய்? டிரைவர் பக்கம் நீளம், இந்தப் பக்கம் குட்டை. மாத்திக் குடுத்துராதீங்க."

வெயில் ஊர் என்பதால்தான் வைப்பர் சீக்கிரம் கெடும் என்பாள். கோடை முழுக்கக் கண்ணாடி கொதிக்கும். அதில் ஒட்டிக்கொண்டிருக்கிற ரப்பர் காய்ந்து விறகாகிவிடும். கரிசல் தூசி வேறு படிந்து அதைத் தின்னும். மழை வருகிற அன்றைக்குத் தேய்த்தால் துடைப்பதற்குப் பதிலாகக் கண்ணாடியில் சேற்றைப் பூசிவிட்டுப் போகும். அதனால் சித்திரை, வைகாசியில் காரை நிறுத்தும்போது இரண்டு வைப்பர் கைகளையும் தூக்கி நிறுத்திவிடுவாள். தெருப்பிள்ளைகள் காரும் கையைத் தூக்கி ஜெபம் பண்ணுகிறது என்பார்கள்.

மாற்றும்போது பார்க்க வேண்டும். பழைய துண்டை மடித்துக் கண்ணாடி மேல் விரிப்பாள். வைப்பர் கையைத் தூக்கி, பிளேடைத் திருப்பி, கொக்கிக்குள் இருக்கும் சின்ன நாக்கை நகத்தால் அமுக்கிக் கீழ்ப்பக்கமாக இழுத்தால் கழன்று வரும். புதியதை மேலே இழுத்துச் சொருகினால் 'டிக்' என்று சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் திரும்பவும் கழற்றுவாள். துண்டு எதற்கு என்று கேட்டேன். "பிளேடு இல்லாத கை படீர்னு விழுந்தா கண்ணாடி உடைஞ்சிரும். பிளேடு வாங்கிரலாம், கண்ணாடிக்கு எங்க போக?" என்றாள். முதல் தடவை இந்த வேலையைப் பார்த்த அப்பா, "ரோட்டுல போறவன்லாம் நின்னு பாக்கான்" என்று முணுமுணுத்துவிட்டு உள்ளே போனார். அடுத்த வருஷம் நாற்காலியை எடுத்து வாசலில் போட்டுக்கொண்டு, நிற்கிறவர்களுக்கெல்லாம் "மழைக்கு முன்னால மாத்திரணும்" என்று தானே விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்.

என் கல்யாணத்துக்கு முந்தின வருஷத்துக் கார்த்திகை மாத மழையை எங்கள் பக்கத்து ஆட்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஓடையெல்லாம் ரோட்டில் ஏறி ஓடியது. அப்பாவின் ஒரு டயாலிசிஸ் அதனால் தவறிப்போயிற்று. அடுத்த முறைக்குள் கால் இரண்டும் வீங்கிவிட்டன. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று ராத்திரி முழுக்க உட்கார்ந்தே இருந்தார். விடிந்து ரோடு திறந்துவிட்டது என்று தெரிந்ததும் கிளம்பினோம். மதினி ஓட்ட, அப்பா பின்சீட்டில் என் தோளில் சாய்ந்திருந்தார். கயத்தாறு தாண்டியதும் மழை திரும்பவும் பிடித்துக்கொண்டது. முன்னால் போகிற லாரியின் சிவப்பு விளக்குகூடக் கரைந்து தெரிந்தது. புது பிளேடுகள் வழித்து வழித்துப் போட்டன. திடீரென்று இரண்டும் கண்ணாடியின் நடுவில் நின்றுவிட்டன.

கண்ணாடி வெள்ளையாகிவிட்டது. மதினி பதறாமல் இண்டிகேட்டரைப் போட்டு, ரோட்டோர வெள்ளைக் கோட்டைப் பக்கவாட்டு ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வண்டியை மெதுவாக ஓரம் கட்டினாள். கீழே குனிந்து மூடியைக் கழற்றினாள். வைப்பரின் நீல ஃபியூஸ் போயிருந்தது. மூடியில் உபரியாக இருந்த ஒரே நீல ஃபியூஸைச் சொருகி வைப்பரைப் போட்டாள். அடுத்த நொடியே அதுவும் போய்விட்டது.

எங்களைப் பார்த்து ஒரு லாரி நின்றது. டிரைவர் அண்ணாச்சி தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு ஓடி வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, சிகரெட் அட்டைக்குள் இருந்த வெள்ளித்தாளைக் கிழித்து நீட்டினார்.

"இதச் சுத்திச் சொருகும்மா. திருநெல்வேலி வரை போயிரும். பெரியவருக்கு முடியலையே."

நல்ல மனிதர். நனைந்துகொண்டு நின்றார். அப்பா மூச்சுக்குத் திணறுவது எனக்குத் தோளில் தெரிந்தது. "மதினி, சுத்துங்க மதினி. இன்னைக்கு ஒருநாள்தான" என்றேன்.

"வேண்டாம் அண்ணாச்சி" என்றாள் மதினி. "இது ரெண்டாவது தடவை போயிருக்கு. கண்ண மூடிட்டு இதச் சுத்துனா உள்ள வயரு எரியும். மாமா உள்ள இருக்காவ. ஒரு நிமிசம் இருங்க, என்னத்துக்குப் போச்சுன்னு பாத்துருதேன்."

மழையில் இறங்கினாள். வைப்பர் கையைப் பிடித்து அசைத்துப் பார்த்தாள். அசையவில்லை. பானெட்டைத் தூக்கி, கண்ணாடிக்குக் கீழே வைப்பர் கைகள் புறப்படுகிற இடுக்கில் முழங்கை வரை கையை விட்டாள். லாரி டிரைவர் அவள் தலைக்கு மேலே சாக்கைப் பிடித்துக்கொண்டார். இழுக்க இழுக்க உள்ளேயிருந்து வந்தது: தேங்காய் நார், துணிக்கிழிசல், வேப்பங்குச்சி, பருத்திப் பஞ்சு. வீட்டு வேப்பமரத்தடியில் நிறுத்தின காரில் அணில் கூடு கட்டியிருக்கிறது. மழைத்தண்ணீர் இறங்கி அது ஊறிப் பருத்து, வைப்பரை ஆட்டுகிற கம்பியைச் சுற்றி இறுக்கிவிட்டது. மோட்டார் திணறித் திணறி ஃபியூஸைச் சுட்டிருக்கிறது.

நான் அப்பாவிடம் சொன்னேன். அந்த மூச்சுத் திணறலிலும் அவர், "குஞ்சு இருக்கா பாரு" என்றார்.

"குஞ்சு ஒண்ணும் இல்ல மாமா. பழைய கூடு" என்று மதினி வெளியிலிருந்து சத்தம் கொடுத்தாள்.

இப்போது கம்பி சுலபமாக அசைந்தது. போட நீல ஃபியூஸ்தான் இல்லை. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு மூடியின் உள்பக்கப் படத்தை ஒரு முறை பார்த்தாள். பிறகு அப்பா பக்கம் திரும்பினாள்.

"மாமா, ரேடியோவுக்கும் இதே நீலந்தான். அத எடுத்துக்கிடட்டுமா?"

போகும் வழியெல்லாம் அப்பாவுக்குக் காலைப் பாட்டு வேண்டும். அவர் கண்ணைத் திறக்காமலே, "புடுங்கு தாயி. நான் பாடிக்கிடுதேன்" என்றார்.

லாரி டிரைவர்தான் முதலில் சிரித்தார். ரேடியோ ஃபியூஸைச் சொருகியதும் வைப்பர்கள் கண்ணாடியை ஒரே வழிப்பில் வழித்துவிட்டன. ரோடு தெரிந்தது. லாரி டிரைவர் எங்களுக்கு முன்னால் கொஞ்ச தூரம் விளக்கைப் போட்டுக்கொண்டு வழிகாட்டிப் போனார்.

ஆஸ்பத்திரியில் நேரே மிஷினில் போட்டார்கள். அப்பாவுக்கு மூச்சு நிதானத்துக்கு வந்தது. நான் எட்டிப் பார்த்தபோது பக்கத்துக் கட்டில்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார். "நடுரோட்டுல, கொட்டுற மழையில, எஞ்சினையே கழத்தி மாட்டிட்டா என் மருமக" என்றார். மதினி எஞ்சினைத் தொடவே இல்லை. திருத்த எனக்கு மனம் வரவில்லை. வெளியே பெஞ்சில் மதினி முழங்கை வரை கரிசல் சேறும் கீறலுமாக, தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்ட உட்கார்ந்திருந்தாள். அவளோடு வந்தவள் என்று அந்த வராந்தாவில் எல்லோருக்கும் தெரியட்டும் என்று நானும் போய் ஒட்டி உட்கார்ந்துகொண்டேன்.

அப்பா போய்ச் சேர்ந்து சில வருஷமாகிறது. மதினி இப்போது அண்ணனோடு மஸ்கட்டில் இருக்கிறாள். வீடியோ காலில் பேசும்போதுகூடப் பாதிப் பேச்சில் எழுந்துபோய் எதையோ கழற்றிப் பார்த்துவிட்டு வருவாள்.

அந்த மழைக்கு அப்புறம், அப்பா இருந்தபோதே, ஒரு கிறிஸ்துமஸுக்கு அண்ணன் லீவில் வந்தான். மறுநாள் ஆஸ்பத்திரி நாள். காலையில் அவனே சாவியை எடுத்துக்கொண்டு, "நீ ஓட்டினதெல்லாம் போதும், ரெஸ்ட் எடு. நான் இருக்கும்போது நீ எதுக்கு?" என்று மதினியிடம் சொன்னான். அன்பாகத்தான் சொன்னான். அவளும் சரியென்று பின்கதவுப் பக்கம் போனாள்.

அப்பா முன்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஏறவில்லை.

"ஏலே, சாவிய அவகிட்ட குடு."

அண்ணன் சிரித்தான். "அப்பா, நான் அங்கன எவ்ளோ பெரிய ரோட்டுல ஓட்டுதேன் தெரியுமா?"

"ஓட்டுவ. யாரு இல்லன்னா? நீ பின்னால ஏறு."

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டேன். அவன் நீளமான கால்களை மடக்கிப் பின்சீட்டில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். மதினி சீட்டை முன்னால் இழுத்தாள். மேல் கண்ணாடியைத் திருப்பினாள். அதில் அவள் முகம் எனக்குத் தெரிந்தது. உதட்டை இறுக்கிக் கடித்துக்கொண்டிருந்தாள். அப்பா முன்சீட்டில் ஏறி, பெல்ட்டை மாட்டிக்கொண்டு, "போவோம் தாயி" என்றார்.

இரண்டு பக்கமும் மக்காச்சோளம் ஆள் உயரத்துக்கு நின்றது. ஊர் எல்லையைத் தாண்டி வண்டி வேகம் எடுத்ததும் அண்ணன் என் காதருகே குனிந்தான்.

"ஏட்டி, அப்பா எனக்கு வண்டி ஓட்டச் சொல்லிக் குடுக்கும்போது நிமிசத்துக்கு ஒரு தடவை பிரேக் புடிலேன்னு கத்துவாவ. இப்பம் ஒரு வார்த்தைகூடப் பேசலையே?"

நான் முன்சீட்டைக் காட்டினேன். கைகளை மடியில் கோத்து, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, வாய் லேசாகத் திறந்திருக்க, அப்பா நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.